முன்னறிவும் ரதியின் புலம்பலும்
மலையகக் காமன் கூத்தை முன்வைத்து ஒரு நோக்கு

இறைவன் முற்றுணர்வினன் என்பது சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவான கொள்கை. நாளை நிகழவிருப்பதை அவன் இன்றே ஐயத்துக்கு இடமின்றி அறிவான் எனின், நாளை ஒருவன் செய்யப்போகும் செயலை அவன் செய்யாது விடுதல் இயலுமா? இயலாதெனின் அச்செயலுக்கு அவனைப் பொறுப்பாளியாக்குவது எங்ஙனம்? இயலுமெனின் இறைவனது அறிவு பொய்படுமன்றோ? இவ்விரு வினாக்களோடு மூன்றாவது ஒன்றும் வந்து சேர்கிறது. வரவிருக்கும் துன்பத்தை முன்னரே அறிந்தவன், அதைத் தடுக்கும் ஆற்றலும் உடையவன், தடுக்காது வாளாவிருப்பானாயின் அவனை அருளாளன் என்று அழைத்தல் பொருந்துமா?

மேலைநாட்டார் இதற்குப் பல விடைகளைக் கண்டனர். ஆறாம் நூற்றாண்டிலே சிறையிலிருந்து எழுதிய போயித்தியஸ், இறைவன் காலத்துக்கு அப்பால் நின்று முக்காலத்தையும் ஒரே நிகழ்காலமாகக் காண்கிறான் என்றார். ஆகவே 'முன்' அறிதல் என்ற சொல்லே அவனுக்குப் பொருந்தாது என்பது அவர் முடிபு. பதினாறாம் நூற்றாண்டின் மொலினா, எந்தச் சூழலில் எவர் எதைத் தம் விருப்பப்படி தெரிவுசெய்வார் என்பதையும் இறைவன் அறிவான் என்று கூறி இரண்டையும் இணைக்க முயன்றார். இஸ்லாமிய உலகிலே அஷ்அரியார், செயலைப் படைப்பவன் இறைவன், அதனை ஈட்டிக்கொள்பவன் மனிதன் என்று பிரித்துரைத்தார். இவை யாவும் நுட்பமானவை. ஆயின் துன்பப்படுபவரை நேரே நிறுத்தி அவர் வாயாலே இக்கேள்வியைக் கேட்கவைப்பன அல்ல. அதைச் செய்வது சாத்திரம் அன்று, நாடகம். தமிழிலே அத்தகைய நாடகம் ஒன்று உண்டு. அது அரங்கேறுவது மண்டபங்களில் அன்று. தேயிலைத் தோட்டங்களின் காமன் பொட்டலில்.

கண்டியிலிருந்து தலாத்துஓயா, மாரஸ்ஸன வழியாக ஏறிச்செல்லும் பாதை ஹேவாஹெட்டயை அடைகிறது. இலங்கையின் தேயிலை வரலாறு தொடங்குவது இம்மலைகளிலேதான். 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் இப்பகுதியைச் சேர்ந்தது. டெயிலரின் பெயர் வரலாற்று நூல்களில் நிலைத்துவிட்டது. அந்த 19 ஏக்கரைக் கொத்திப் பண்படுத்திய தென்னிந்தியத் தமிழர் எவர் பெயரும் நிலைக்கவில்லை. அவர்கள் தம்மோடு கொண்டுவந்தவற்றுள் ஒன்று காமன் கூத்து. கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களின் தோட்டங்களிலே மாசி மாதத்து வளர்பிறையில் கம்பம் ஊன்றித் தொடங்கி, பௌர்ணமியை ஒட்டிய இரவில் காமன் எரிப்போடு உச்சம் பெறுவது இக்கூத்து. தப்பின் ஒலி இதன் உயிர். ரதி வேடத்தையும் ஆடவரே தாங்குவர். நேர்த்திக்கடனாக வேடம் கட்டுவோரும் உளர். பகலிலே மலையில் வேலைசெய்த கால்களே இரவிலே அரங்கில் ஆடுகின்றன என்பதை மறவாமை இக்கூத்தைத் திறனாய்வார்க்கு வேண்டற்பாலது. இது ஓய்வுடையோர் கலை அன்று.

கூத்தின் கதை யாவரும் அறிந்ததே. கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணம் உற்பத்திக் காண்டத்திலே இதனை மேருப்படலம், காமதகனப் படலம் ஆகியவற்றில் விரித்துரைக்கிறது. சூரபதுமன் சிவபெருமானிடம் பெற்ற வரங்களின் வலியால் தேவரை வருத்துகிறான். அவனை வெல்ல வல்லது சிவசக்தி ஒன்றே. சிவனோ மோனத்தில் அமர்ந்திருக்கிறான். அம்மோனம் கலைந்தாலன்றி உமையின் திருமணம் இல்லை. குமரனின் பிறப்பு இல்லை. தேவர்க்கு மீட்சியும் இல்லை. எனவே மன்மதன் அழைக்கப்படுகிறான். அவன் மறுக்கிறான். சிவனை எதிர்த்தோர் அடைந்த கதியை அவன் நன்கு அறிவான். பிரமன் சாபமிடுவதாக அச்சுறுத்திய பின்னரே புறப்படுகிறான். வாயிலில் நந்தி தடுக்கிறார். முடிவில் வழியும் விடுகிறார். மலர்க்கணை பாய்கிறது. நெற்றிக்கண் திறக்கிறது. காமன் சாம்பலாகிறான். ரதி புலம்புகிறாள். பின்னர்த் திருக்கல்யாணத்தின்போது அவள் வேண்டுதலுக்கு இரங்கிச் சிவன் காமனை எழுப்புகிறான். ஆயின் அவன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே உருவுடையவன், ஏனையோர்க்கு அநங்கன்.

இக்கதையை மேலே எடுத்த வினாக்களோடு வைத்து நோக்கும்போது, இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு வேறு கிடைப்பது அரிது. சூரனுக்கு வரமளித்தவன் சிவன். அவ்வரம் எத்தகைய துன்பத்தில் முடியும் என்பதை அவன் அறியாதவன் அல்லன். மோனத்தில் அமர்ந்தவனும் அவனே. அம்மோனத்தைக் கலைக்க வருபவன் எரிவான் என்பதையும் அவன் அறிவான். எரித்தவனும் அவனே, எழுப்பியவனும் அவனே. சங்கிலியின் இரு நுனிகளும் ஒரே கையில் இருக்கின்றன. நடுவே கோக்கப்பட்ட காமனுக்கு எந்த அளவு சுதந்திரம் இருந்தது?

அறிவு வேறு, ஏதுவாதல் வேறு என்பது பழைய விடை. ஞாயிறு நாளை எழும் என ஒருவன் அறிவதால் ஞாயிறு எழுவதில்லை. இவ்விடையைக் கூத்தின் களரியே நன்கு விளக்குகிறது. பொட்டலைச் சூழ்ந்து கம்பளியைப் போர்த்துக்கொண்டு விடிய விடிய விழித்திருப்போரில் காமன் எரிவான் என்பதை அறியாதார் எவருமிலர். சென்ற மாசியிலும் எரிந்தான். அதற்கு முந்திய மாசியிலும் எரிந்தான். அவர்தம் அறிவு ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் அவ்வறிவு காமனை எரிக்கவில்லை. இதுவரை விடை சரியானதே. ஆயின் களரியிலே மற்றொருவரும் உளர். அவர் கூத்தைப் பயிற்றிய மாஸ்டர். அவரும் முடிவை அறிவார். ஆனால் அவர் அறிவு பார்வையாளரின் அறிவன்று. யார் எப்போது வரவேண்டும், எங்கே நிற்கவேண்டும், தீ எந்தக் கணத்தில் மூளவேண்டும் என்பதை ஒழுங்குசெய்தவர் அவர். இறைவனின் முன்னறிவு பார்வையாளரின் அறிவைப் போன்றதா, மாஸ்டரின் அறிவைப் போன்றதா? போயித்தியஸ் முதலானோரின் விடைகள் முன்னதற்கே பொருந்தும். படைத்துக் காத்து அழிப்பவனுக்கு உரியது பின்னதே. இந்த வேறுபாட்டைக் கருதாது 'அறிவு ஏதுவாகாது' என்று மட்டும் கூறி அமைவது, வினாவின் எளிய பாதியை மட்டும் விடுவித்துவிட்டு எழுந்து போவதாகும்.

சைவசித்தாந்தம் அவ்வாறு எழுந்து போகவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அதன் விடை மூன்று படிகளில் அமைகிறது. உயிர் இறைவனால் படைக்கப்பட்டதன்று. பதியைப்போலவே பசுவும் பாசமும் அநாதி என்பது முதற்படி. ஆகவே உயிரின் குறையை இறைவன் தலையில் ஏற்றமுடியாது. இதனால் கூத்து மாஸ்டர் உவமை ஓரளவு தளர்கிறது. நடிகரை மாஸ்டர் பெற்றெடுக்கவில்லையன்றோ! வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் எனப் பகுத்தல் இரண்டாம் படி. பிறப்பு, உடல், இடம் என்பன பிராரத்தத்தால் அமைந்தவையாயினும், அங்கே நின்று உயிர் புதிதாகச் செய்வது ஆகாமியம். சுதந்திரம் என்ற சொல்லைக் கையாளாமலே சித்தாந்தம் அதற்கு ஒதுக்கிய இடம் இதுவே. இறைவன் வினைக்கேற்ற பயனைக் கூட்டுவிப்பவன். வினையைச் செய்விப்பவன் அல்லன்.

மூன்றாம் படியே மிக ஆழமானது. இறைவனின் ஐந்தொழில்களுள் மறைத்தலும் ஒன்று. அறிந்ததை எல்லாம் உயிருக்குக் காட்டாது மறைத்து வைப்பதும் அருளின் செயலே என்கிறது சித்தாந்தம். தோற்றத்தில் இது விந்தையானது. ஆயினும் நின்று சிந்திப்போர்க்கு இதன் பொருள் விளங்கும். இறைவன் அறிவதை உயிரும் அறிந்துவிட்டால், உயிருக்குத் தெரிவு என ஒன்று எஞ்சுமா? முடிவு தெரிந்த பின் செய்யப்படும் செயல் செயலன்று, ஒப்பித்தல். மறைப்பு என்பது உயிர் தன் காலால் நடந்து பக்குவப்படுவதற்கு விடப்பட்ட இடைவெளி. மோனத்தில் அமர்ந்த சிவனின் மூடிய விழிகளை இவ்வாறு நோக்கினால், அம்மோனம் காமனுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் எனலாம். முன்னறிவையும் மனச் சுதந்திரத்தையும் இணைப்பதற்கு மேலைநாட்டார் கண்ட விடைகளுள் எதற்கும் இது தாழ்ந்ததன்று. பல விடைகளைவிட நேர்மையானதும் ஆகும்.

கூத்திலே இதற்கு எதிர்பாராத ஓர் ஆதாரமும் கிடைக்கிறது. பிரமன் யார்? ஊரார் நம்பிக்கையில் தலையெழுத்தை எழுதுபவன். காமன் கயிலைக்குப் போவது அவனது தலையெழுத்தில் முன்னமே எழுதப்பட்டிருந்தால், பிரமன் அவனைச் சாபத்தால் அச்சுறுத்தியது ஏன்? எழுதியவனே எழுதியது நடக்குமென்று நம்பவில்லையா? அச்சுறுத்தல் எப்போதும் ஒரு செய்தியை உட்கொண்டிருக்கிறது: நீ மறுக்கலாம் என்பதே அது. கல்லை எவரும் அச்சுறுத்துவதில்லை. காமன் மறுக்கவும் கூடியவன் என்பதற்குப் புராணம் தரும் சான்று அவன் சொன்ன மறுமொழி மட்டுமன்று. பிரமனின் சினமும் சான்றே. இங்கே ஓர் உண்மை தெளிவாகிறது. காமனின் சுதந்திரத்தைக் குறுக்கியது சிவனின் அறிவன்று. இடையிலே நின்று ஏவியவர்களின் ஆணையே அதைக் குறுக்கியது. மேலே அறிபவன் ஒருவன். நடுவே ஏவுபவர் பலர். தத்துவ நூல்கள் மேலிருப்பவனையே நோக்கி வாதிடுகின்றன. கூத்தோ நடுவிலிருப்பவரை மேடையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. தன் அறிவுக்கு மாறானதெனத் தெரிந்தும், மறுத்தால் நேரும் கேட்டுக்கு அஞ்சி, மேலிடத்து ஆணையை ஏற்றுப் புறப்படும் ஒருவனின் நிலை இன்னதென்பதைப் பெரட்டுக்களத்தில் நின்ற மக்களுக்கு எவரும் உரை எழுதி விளக்கவேண்டியதில்லை.

இந்தச் சிந்தனையை ஹேவாஹெட்டயின் வரலாற்றோடு பொருத்திப் பார்ப்பது தகும். முல்லோயாத் தோட்டம் இப்பகுதியைச் சேர்ந்தது. அங்கே சம்பள உயர்வு கோரி எழுந்த போராட்டத்தின்போது, 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிசாரின் துப்பாக்கிச்சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் தியாகி என அவர் நினைவுகூரப்படுகிறார். இந்நிகழ்வை விசாரிக்க ஆணைக்குழுவும் அமைக்கப்பட்டது. கூலிக்காரனின் வாழ்வு இவ்வளவுதான், அது அவன் விதி என்று சொல்லிவந்த காலம் அது. துரைமார் மட்டும் சொன்னதன்று, கங்காணிமார் சொன்னார்கள், தொழிலாளரும் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்கள். விதி உண்மையாகவே அனைத்தையும் தீர்த்துவைத்திருக்குமாயின் முல்லோயாவுக்குத் துப்பாக்கி எதற்கு? பிரமனின் சாபத்தை நோக்கி எழுந்த அதே வினா இங்கும் எழுகிறது. விதியின் பேரால் அடங்கியிருக்கச் சொன்னவர்கள் விதியை நம்பி இருந்துவிடவில்லை.

விதி என்ற சொல் இவ்வாறு பயன்படுத்தப்படுவதைச் சைவமே ஏற்கவில்லை என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூரிலே தங்கியிருந்தபோது அடியார் கூட்டத்தைக் குளிர்சுரம் பற்றியது. அப்போது அவர் பாடியது திருநீலகண்டப் பதிகம். வந்த துன்பத்துக்கு முன்னை வினையே காரணம் என்று கூறியமைந்து உய்யும் வழி தேடாதிருப்பது குறையன்றோ என்று கடிந்து வினவும் முறையில் அது தொடங்குகிறது. வினைக்கோட்பாட்டைப் போற்றும் மரபின் நடுவிலேயே, வினையைக் காட்டிச் சும்மாவிருத்தலைக் கண்டிக்கும் குரல் இது. திருக்குறளும் ஊழின் பெருவலியை ஓர் அதிகாரத்தில் கூறிவிட்டு, ஆள்வினையுடைமை என்ற மற்றோர் அதிகாரத்தில் தளரா முயற்சி ஊழையும் புறங்காணும் என்கிறது. இவ்விரண்டையும் இணக்க உரையாசிரியர்கள் பட்ட பாடு தனிக் கட்டுரைக்கு உரியது. நியதியே அனைத்தும் எனக் கொண்ட ஆசீவகரின் வாதத்தை மணிமேகலை எடுத்துரைக்கிறது; நீலகேசி ஒரு சருக்கமே ஒதுக்கி அதை மறுக்கிறது; சிவஞானசித்தியாரின் பரபக்கமும் மறுக்கிறது. ஆகவே முழு நியதிவாதம் தமிழரின் இயல்பான சமய உணர்வு என்று சிலர் எழுதுவது நூல்களைப் படிக்காமல் எழுதுவதாகும்.

ஹேவாஹெட்டத் தோட்டங்களைச் சூழ்ந்துள்ள சிங்களக் கிராமங்களின் பௌத்த மரபும் இதில் கூறுவதற்கு ஒன்றை உடையது. அங்குத்தர நிகாயத்தின் தித்த சூத்திரத்திலே புத்தர் மூன்று கொள்கைகளை மறுக்கிறார். மனிதன் நுகர்வன யாவும் முன்வினையால் வந்தவை என்பது ஒன்று. யாவும் ஈசுவரன் படைப்பு என்பது மற்றொன்று. காரணமின்றியே நிகழ்வன என்பது மூன்றாவது. மூன்றுக்கும் அவர் கூறும் மறுப்பு ஒன்றே: இவற்றை உண்மையாகக் கொண்டால், இதைச் செய்யவேண்டும், இதைச் செய்யலாகாது என்ற விருப்பமும் முயற்சியும் பொருளற்றுப்போகும். இறைவனை ஏற்காத அம்மரபும், இறைவனை ஏற்றுப் பாடிய சம்பந்தரும் இவ்விடத்திலே அருகருகே நிற்பது வியப்பானது. இரு மரபினரும் ஒரே மலையில் வாழ்ந்தும் இந்த ஒற்றுமை அதிகம் பேசப்படவில்லை.

முன்தீர்மானம் என்ற கருத்துக்கு மலையக வரலாற்றில் இன்னொரு வடிவமும் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோரான மக்களைப் பற்றி, 1964ஆம் ஆண்டில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் முடிவுசெய்வது என்பது அதன் சாரம். அந்த எஞ்சியோரும் 1974இல் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம், பகிரப்பட்டனர். இங்கே கவனிக்கவேண்டியது எண்ணிக்கையின் பெருமையன்று. எண் முதலில் தீர்மானிக்கப்பட்டது; எவர் அந்த எண்ணுக்குள் அடங்குவார் என்பது பின்னரே தேடப்பட்டது. மீட்கப்படுவோர் தொகை முன்னமே வரையறுக்கப்பட்டது என்று அகஸ்தீனார் எழுதியபோது, அந்தத் தொகையை நிரப்ப விண்ணப்பப் படிவம் வழங்கப்படும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். தெரிவு உண்டு என்று சொல்லப்பட்டது. தெரிவின் மொத்தமோ முன்கூட்டியே மூடப்பட்டிருந்தது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டங்கள் 1988லும் 2003லும் நிறைவேறும்வரை பலர் எந்நாட்டவரும் அல்லாதவராகவே வாழ்ந்தனர். இதனை முன்னறிவு என்று அழைக்க முடியாது, இது முன்னேவல். இறைவனின் முன்னறிவைப் பற்றிய வாதத்திலே முன்னறிவையும் முன்னேவலையும் வேறுபடுத்தாமல் பேசுவதே குழப்பத்துக்குக் காரணம் என்பதை இவ்வரலாறு தெளிவாக்குகிறது. சித்தாந்தம் இறைவனுக்கு முன்னதைத் தந்து பின்னதைத் தரவில்லை. அந்த அளவில் அதன் நிலை உறுதியானது.

எனவே முதல் இரு வினாக்களுக்கும் விடை கிடைத்துவிட்டது எனலாம். முன்னறிவு சுதந்திரத்தை அழிப்பதில்லை. காமன் அறிந்து சென்றான், அஞ்சிச் சென்றான், ஆயினும் அவனே சென்றான்.

மூன்றாவது வினா அவ்வளவு எளிதில் அடங்குவதன்று. அருளைப் பற்றிய அவ்வினாவைக் கூத்திலே கேட்பவன் காமன் அல்லன்; ரதி. பாடத்துக்குப் பாடம் சொற்கள் வேறுபடினும், ரதி மன்மதன் தர்க்கம் கூத்தின் நடுநாயகமான பகுதி. போகவேண்டாம் என்று அவள் தடுக்கிறாள். தீக்குறிகளைச் சொல்கிறாள். சிவனின் பெருமையைச் சொல்கிறாள். அவளுக்கும் ஒருவகை முன்னறிவு இருக்கிறது. முழுமையற்றது, கலங்கியது, ஆனால் உண்மையானது. அந்த அறிவைக் கொண்டு அவள் செய்தது என்ன? எச்சரித்தாள். கையைப் பிடித்து மறித்தாள். அன்புடைய அறிவு செய்யக்கூடியது அதுவே. முற்றறிவுடையவனோ மோனத்தில் இருந்தான். ஒருபுறம் குறைந்த அறிவும் நிறைந்த பேச்சும்; மறுபுறம் நிறைந்த அறிவும் பேச்சின்மையும். இந்த முரணைக் கூத்து எங்கும் வாய்விட்டு விளக்குவதில்லை. இருவரையும் ஒரே களரியில் நிறுத்திவிட்டு அப்பால் நகர்கிறது.

சித்தாந்தம் இதற்குக் கூறும் விடை மறக்கருணை என்பது. மருத்துவன் சில நோய்களைப் பாலும் கட்டியும் கொடுத்துத் தீர்ப்பான். சிலவற்றை அறுத்துக் கீறித் தீர்ப்பான். இறைவனும் இன்பதுன்பங்களை ஊட்டி வினையைத் தீர்க்கிறான் என்ற கருத்தை அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் அழகாக அமைத்துள்ளார். சூரபதுமனுக்கு இவ்விடை முற்றும் பொருந்தும். அவன் பிழைத்தான், பிளக்கப்பட்டான், சேவலும் மயிலுமாகி முருகனை அடைந்தான். காமனுக்கும் ஓரளவு பொருந்தும் என வாதிடலாம். ரதிக்கு? அவள் நோயாளியல்லள். அவள் எவர் மீதும் கணை தொடுக்கவில்லை. அறுவை நடந்தது ஓர் உடம்பில். வலி நின்றது மற்றோர் உடம்பில். இதற்கும் அவள் முன்னை வினையே காரணம் எனக் கூறுவது எளிது. ஆனால் அவ்வாறு கூறும்போது, சம்பந்தர் கடிந்த அதே சோம்பல் வேறு வாயில் வழியே உள்ளே வந்துவிடுகிறது.

அருணந்தியார் இந்நிகழ்வை நேராகவே எடுத்தாண்ட இடம் ஒன்றும் சுபக்கத்தில் உண்டு. சிவன் யோகத்தில் அமர்ந்தபோது காமன் இருந்தும் தேவர் முதலாயினோர் வேட்கையால் மெலிந்ததையும், திருமால் மதனை ஏவ, சிவன் எரிவிழித்து இமவான் மகளை மணந்து உயிர்களுக்கு இன்பம் அளித்ததையும் அவர் சுட்டுகிறார். இறைவனின் யோகமும் போகமும் உயிர்களின் பொருட்டே என்பதை நிறுவுவது அவர் நோக்கம். வாதம் செறிவானது, குற்றம் காணமுடியாதது. ஆயின் அச்செய்யுளிலே ரதி இல்லை. ஏவிய மால் இருக்கிறார், எரிந்த மதன் இருக்கிறான், மணந்த உமை இருக்கிறாள், பயன்பெற்ற உயிர்கள் எல்லாம் இருக்கின்றன. கணக்கு நிறைவடைவதற்கு ஒரு பெயர் விடப்பட்டிருக்கிறது. உலகத்து நன்மையின் பெயரால் துன்பத்தை நியாயப்படுத்தும் விளக்கங்களில் இப்படி ஒரு பெயர் விடுபடுவது தற்செயலானதா என்பது ஆராயவேண்டிய ஒன்று. நூலாசிரியரைக் குறைகூறுவதற்காக இது சொல்லப்படவில்லை. தருக்கநூல் ஒன்றில் ரதிக்கு இடமில்லை, அவ்வளவே.

கூத்திலோ அவளுக்கு இடம் உண்டு, அதுவும் பெரிய இடம். காமன் எரிந்தபின் களரி அவளுடையது. தப்பின் அடி மாறுகிறது. ஒப்பாரி எழுகிறது. கேட்போரில் பெண்கள் பலரும் அழுகின்றனர். அவர்கள் அழுவது புராணத்து ரதிக்காக மட்டும் என்று எண்ணுவார் எவருமில்லை. காட்டுப்பாதைகளில் கணவரை இழந்த முன்னோரும், கடவுச்சீட்டு ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராததால் பிரிக்கப்பட்டோரும் அந்த ஒப்பாரியில் இருக்கின்றனர். ரதி வேடம் கட்டிய ஆடவன் அப்போது தன் வீட்டுப் பெண்களின் குரலையே இரவல் வாங்கிப் பாடுகிறான். சிவன் அருளாளன் என்பதை இவ்வொப்பாரி மறுக்கவில்லை. அவனை நோக்கியே அது முறையிடுகிறது. மறுப்பவன் எவரிடமும் முறையிடுவதில்லை. அருளை நம்பிக்கொண்டே அருளின் மேல் வழக்குத் தொடுக்கும் இந்நிலை, இறைநம்பிக்கை, இறைமறுப்பு என்ற இரு பெட்டிகளில் எதிலும் அடங்காதது. விவிலியத்தின் யோபு நின்ற நிலைக்கு இது நெருக்கமானது. ஆயின் யோபுவுக்குச் சூறாவளியிலிருந்து விடை வந்தது. ரதிக்கு வந்தது விடையன்று, கணவன். அவள் கேட்டதும் அதுவே.

காமனை எழுப்பும் சடங்கு பின்னர் நடக்கிறது. இதைக்கொண்டு எல்லாம் சரியாயிற்று என முடிப்போர் புராணத்தின் நிபந்தனையைச் சற்றுக் கருதவேண்டும். காமன் ரதிக்கு மட்டுமே தெரிவான். உலகத்தார் கண்ணுக்கு அவள் இன்னும் தனித்தவளே. இறைவனின் அருள் உண்மையாகவே நிகழ்ந்தும், வெளியிலிருந்து நோக்குவோர்க்கு அதற்கு எந்தச் சான்றும் இல்லை. பக்தர்க்கு இது போதும். ஆய்வாளருக்கு எங்கே நிறுத்திக்கொள்வது என்பதைக் காட்டும் எல்லைக்கல் இது.

காமனை எரித்த வீரட்டம் எனப் போற்றப்பெறும் திருக்குறுக்கை மயிலாடுதுறையை அடுத்துள்ளது. அத்தஞ்சை வட்டாரத்திலே காமன் பண்டிகையையொட்டி லாவணி பாடும் மரபு ஒன்று இருந்துவந்தது. பாடகர் இரு கட்சியாகப் பிரிந்து, காமன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மறு கட்சியும் இரவெல்லாம் வாதிடுவர். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்பது அவற்றின் பெயர். சாம்பல் கண்முன்னே கிடக்க எரியவில்லை என வாதிடுவது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் மேலே கண்ட புராண நிபந்தனையை எண்ணும்போது எரியாத கட்சிக்கும் வழக்கு இல்லாமலில்லை. ரதி சாட்சி சொல்ல வந்தால் அக்கட்சிக்கே சொல்வாள். மலையகக் கூத்துப் பாடங்கள் வாய்மொழியாகவும் மாஸ்டர்களின் கையெழுத்துக் கொப்பிகளிலும் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டுக் கிடக்கின்றன. அவற்றுள் ரதியின் பகுதி மட்டுமாவது முழுமையாகத் தொகுக்கப்பட்டு, கந்தபுராணப் பாடத்தோடு அடிக்கு அடி ஒப்பிடப்படுமாயின், எழுதிய புலவர் அவளைச் சொல்லவிடாத எதனை எழுத்தறியாத புலவர் சொல்லவிட்டனர் என்பது தெரியவரும்.